கீழயும் மண்தானே?



பெரும்போக அறுவடை முடிந்து வட்டை காய்ந்துவிட்டது. சிறுபோகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் வரும் வரை நமது வீதிகளில் உழவு இயந்திரப் பெட்டிகள் வயல் மண் ஏற்றிக்கொண்டு ஓடும். சில பெட்டிகள் செங்கல் வாடிக்குப் போகும், சில பள்ளமான வளவுகளுக்குப் போகும். இந்த வருஷம் அவை எங்கள் வயலுக்கும் வரப் பார்த்தன. அதைப் பற்றித்தான் எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், ஆறுதலாக வாசியுங்கள்.

வாப்பா மௌத்தாகி மூன்று வருஷம். அவர் விட்டுப்போன இரண்டு ஏக்கர் வயல் உம்மாவுக்கும் பிள்ளைகள் நாலு பேருக்கும் பொதுவில் கிடக்கிறது. கடைசித் தங்கச்சிக்குக் கலியாணம் பேசியாயிற்று. நமது பக்கத்தில் பொம்புளப் பிள்ளைக்கு வீடு இல்லாமல் கலியாணம் நடப்பது அபூர்வம். அது சரியா பிழையா என்பதை இன்னொரு நாள் பேசுவோம். அவளுக்கென்று வைத்திருந்த வளவு பள்ளம். மாரியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அத்திவாரம் போட முதல் அதை நிரப்பியாக வேண்டும்.

அந்த நேரம் பார்த்து மண் எடுக்கிற ஒருவர் வீட்டுக்கு வந்தார். பழக்கமான மனிசன், நல்ல மனிசன். உம்மாவிடம் சொன்னார்: "ராத்தா, வயல்ல மேலால ஒரு அடி மட்டும் எடுக்கன். அதுல வளவையும் நிரப்பித் தாறன், கைல காசும் தாறன். ஒரு அடிதானே? கீழயும் மண்தானே?"

உம்மா எங்களைப் பார்த்தார். மூத்த காக்கா ஒன்றும் பேசவில்லை. அவருக்குக் கடன் இருக்கிறது. அந்தக் காசின் அருமை அவருக்குத்தான் தெரியும். "ரெண்டு நாள் தாங்க, யோசிச்சுச் சொல்றம்" என்று அவரை அனுப்பினோம்.

"கீழயும் மண்தானே?" என்பது லேசான கேள்வி அல்ல. தரம் 8 பிள்ளைகளும் இதையே வேறு விதமாகக் கேட்பார்கள்: "பூமிக்குள்ள தோண்டத் தோண்ட மண்தானே சேர் வரும்?" அவர்களுக்குச் சொல்லும் பதிலைச் சொந்த வீட்டிலும் சொல்லத்தானே வேண்டும்? அடுத்த நாள் சுபஹுத் தொழுதுவிட்டு நாலு பேரும் மண்வெட்டியோடு வட்டைக்குப் போனோம். வயலின் ஒரு மூலையில் இடுப்பளவுக்குக் குழி வெட்டி, அதன் ஒரு பக்கத்தைக் கத்தியால் சீராகச் சீவிவிட்டுப் பார்த்தோம்.

மேலே ஒரு சாண் அளவுக்குக் கருமை. கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிர்கிறது. வைக்கோல் தாள், வேர் நார், நத்தை ஓடு எல்லாம் அதற்குள்தான் கிடக்கின்றன. அதற்குக் கீழே நாலைந்து விரல் கனத்துக்கு மண்வெட்டி இறங்க மறுக்கிற ஒரு படை. பல வருஷம் சேறடித்து, மாடும் மெசினும் மிதித்து மிதித்து இறுகிய படை அது. அதற்கும் கீழே சாம்பல் நிறக் களி, நடுவில் பழைய வேர் போன வழியெல்லாம் துருப் பிடித்த கோடுகள். இடுப்பளவு ஆழத்தில் மஞ்சளும் சாம்பலும் கலந்த களியோடு பருமணலும் சின்னக் கற்களும் வந்தன. அங்கே ஒரு வேர்கூட இல்லை.

ஒரே குழிக்குள் நாலு விதம். பாடப்புத்தகத்தில் இதற்கு மண் பக்கப்பார்வை என்று பெயர். தங்கச்சி மேலே உள்ளதில் ஒரு பிடியும் கீழே உள்ளதில் ஒரு பிடியும் எடுத்து இரண்டு சிரட்டையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். மேல்மண் தண்ணீரை உடனே குடித்தது. கீழ்மண் மேலே தண்ணீரை வைத்துக்கொண்டு சும்மா கிடந்தது. காக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

இந்த ஒரு சாண் எங்கிருந்து வந்தது? வானம் தெளிந்த நாளில் வட்டையில் நின்று மேற்கே பார்த்தால் தூரத்தில் மலை தெரியும். நமது மண்ணின் கதை அந்தப் பக்கத்தில்தான் தொடங்குகிறது.

கிழக்கிலங்கையின் அடியில் இருக்கிற பாறைகளை விஜயன் தொகுதி என்று புவியியலாளர்கள் அழைக்கிறார்கள். பெரும்பாலும் நைஸ் என்கிற, வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய கருங்கல். அதன் வயது ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுகள். உடைத்த கல் ஒன்றை வெயிலில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி மாதிரி மின்னுவது குவாட்ஸ். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பது பெல்ட்ஸ்பார். கறுப்பாகத் தகடு தகடாக மினுங்குவது மைக்கா. நமது வயலில் இருக்கிற மணலும் களியும் மண்ணின் செந்நிறமும் இந்த மூன்றுக்கும் நேர்ந்ததன் விளைவுதான்.

முதலில் கல் வெடிக்க வேண்டும். பகலில் வெயில் காய்ச்ச, இரவில் குளிர, ஒரு மழை திடீரென்று நனைக்க, பாறையின் மேல் பக்கம் வெங்காயத்தோல் மாதிரி கழன்று வரும். வெடிப்புக்குள் ஓர் ஆலம் விதை விழுந்தால் அதன் வேர் ஆப்பு மாதிரி இறங்கிக் கல்லைப் பிளக்கும். ஆனால் இவ்வளவும் நடந்தாலும் கிடைப்பது சின்னக் கல்தான், இன்னும் மண்ணில்லை.

மண்ணாக்குவது தண்ணீர். மழைத்தண்ணீர் வானத்திலிருந்து வரும்போதே காற்றில் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகத்தான் வருகிறது. சோடாப் போத்தலில் இருக்கிற அதே காபோனிக் அமிலம், ஆனால் மிகவும் ஐதானது. அது பெல்ட்ஸ்பாரைத் தொட்டால் அதிலிருந்து பொற்றாசியமும் கல்சியமும் மெதுவாகக் கழன்று தண்ணீரோடு போகும். மிச்சம் களியாகும். பொரலஸ்கமுவையில் தோண்டினார்களே வெள்ளைக் கயோலின் களிமண், பீங்கான் செய்வதற்கு, அதுவும் இப்படிப் பெல்ட்ஸ்பார் உருமாறியதுதான். மைக்காவில் உள்ள இரும்பு காற்றுப் பட்டுத் துருவாகும். நமது மேட்டு நிலங்களின் செங்கபில நிறம் அந்தத் துரு. குவாட்ஸுக்கு மட்டும் அமிலமும் பெரிதாக ஒன்றும் செய்யாது. அது உருண்டு உருண்டு மணலாகி ஆற்றோடு கடலுக்குப் போகும். நமது கடற்கரையில் நாம் குந்தியிருந்து காற்று வாங்குகிற மணலில் பெரும்பங்கு அதுதான். இந்த வேலைகள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் வானிலையாலழிதல் என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம்.

இதுவரை வந்தது மணலும் களியும். இதில் நெல் முளைக்கும், விளையாது. இனி உயிர்கள் வர வேண்டும்.

மொட்டைப் பாறையில் சாம்பலும் பச்சையுமாகப் படை மாதிரி ஒட்டியிருக்கிற இலைக்கனைப் பார்த்திருப்பீர்கள். அது பங்கசும் அல்காவும் சேர்ந்து வாழ்கிற ஒரு குடும்பம். அதுவும் அமிலம் சுரந்து கல்லை அரிக்கும். செத்தால் அந்தப் பொட்டில் ஒரு துளி உக்கல் சேரும். அதில் பாசி பிடிக்கும், பாசியில் புல் நிற்கும், புல் செத்து மக்கிய இடத்தில் பற்றை வரும். விழுகிற ஒவ்வோர் இலையையும் கறையானும் புழுவும் கடித்துப் பொடியாக்க, கண்ணுக்குத் தெரியாத நுண்ணங்கிகள் அதைச் சாப்பிட்டு முடிக்கும். நல்ல மண் ஒரு மேசைக்கரண்டி எடுத்தால் அதற்குள் உலகத்தில் உள்ள மனிதர்களை விடக் கூடுதலான உயிர்கள் இருக்கும். அவை சாப்பிட்டு மிச்சம் வைப்பதுதான் கருமை நிற உக்கல்.

இங்கே ஒரு விசயத்தைக் கவனியுங்கள். அந்த உயிர்களும் வேர்களும் மூச்சு விடுகின்றன. அதனால் மண்ணுக்குள் இருக்கிற காற்றில் வெளிக்காற்றை விடப் பத்து மடங்கு முதல் நூறு மடங்கு வரை காபனீரொட்சைட்டு கூட இருக்கும். அது மண்ணுக்குள் உள்ள தண்ணீரில் கரைந்து இன்னும் கூடிய அமிலமாகி அடியில் கிடக்கிற கல்லைக் கரைக்கும். கல்லிலிருந்து வந்த சத்தில் மரம் வளர்கிறது, மரத்தின் மூச்சு கல்லைக் கரைக்கிறது. சீமெந்தும் மணலும் கலப்பது போல ஒரு நாளில் கலந்து முடிக்கிற கலவை இதில்லை. கல்லும் உயிரும் ஒன்றையொன்று ஆக்கிக்கொண்டே போகிற ஒரு தொழில். உயிர் அகன்றால் தொழில் கிட்டத்தட்ட நின்றுவிடும்.

உக்கல் களியோடு ஒட்டும்போதுதான் மண் உதிரி உதிரியாகும். அந்த உதிரிகளுக்கு நடுவில்தான் காற்றும் தண்ணீரும் தங்கும். நல்ல மேல்மண்ணின் கொள்ளளவில் 45 வீதம் கனிப்பொருள், 25 வீதம் தண்ணீர், 25 வீதம் காற்று, 5 வீதம் சேதனப் பொருள் என்று படிப்பிக்கிறோம். நமது உலர்வலயத்தில் அந்த 5 கூடக் கிடைப்பது கஷ்டம். வெப்பத்தில் எல்லாம் வேகமாக உக்கிப் போய்விடும். அதனால் நமக்கு ஒவ்வொரு பிடி உக்கலும் பெறுமதி.

மண்ணைப் பற்றி உலகம் முறையாகப் படிக்கத் தொடங்கியே ரொம்பக் காலமில்லை. மண்புழுக்கள் எப்படி மேல்மண்ணை உண்டாக்குகின்றன என்று சார்ள்ஸ் டார்வின் 1881 இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். ரஷ்யாவின் டொக்குசேவ் 1883 இல் அங்குள்ள கருமண்ணை ஆராய்ந்து, மண் என்பது உடைந்த கல் மட்டுமல்ல, தனக்கென்று பிறப்பும் வளர்ச்சியும் உள்ள ஒன்று என்று காட்டினார். 1941 இல் ஹான்ஸ் ஜென்னி ஐந்து காரணிகளை எழுதிவைத்தார்: காலநிலை, உயிரினங்கள், நிலத்தின் சரிவு, தாய்ப்பாறை, காலம். இதில் நாலை ஓரளவுக்கு வகுப்பில் காட்டிவிடலாம். காலத்தை மட்டும் காட்ட முடியாது.

ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் சொல்கிற கணக்கு, 2 முதல் 3 சென்ரிமீற்றர் மண் உண்டாக ஆயிரம் ஆண்டு வரை எடுக்கலாம் என்பது. விரல் நகத்தின் நீளத்தை விடக் கொஞ்சம் கூட. நாங்கள் குழிக்குள் கண்ட ஒரு சாண் கருமை, இந்தக் கணக்கில் ஏழாயிரம் வருஷத்துக்கும் மேல்.

"ஆனா நம்மட வயல் மலையில இல்லையே, ஆத்து மண்தானே?" என்று காக்கா கேட்டார். நியாயமான கேள்வி. நமது பள்ள வயல்களின் மண் அந்தந்த இடத்தில் உண்டானது அல்ல. மேற்கே மலைகளிலும் காடுகளிலும் உண்டாகி, பட்டிப்பளை ஆறு என்று நாம் சொல்கிற கல்லோயா வெள்ளத்தில் சுமந்து வந்து பரப்பிய வண்டல். களியோடை என்ற பெயரே சொல்கிறதே. அப்படியானால் எடுத்த மண்ணை ஆறு திரும்பத் தராதா?

பழைய காலம் என்றால் கொஞ்சம் தந்திருக்கும். 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு இங்கினியாகலையில் அணை எழும்பி, சேனநாயக்க சமுத்திரம் உண்டானது. அந்தத் தண்ணீரில்தான் நாம் இரண்டு போகம் செய்கிறோம், அதை மறக்கக் கூடாது. ஆனால் அணை கட்டிய எந்த ஆற்றுக்கும் ஒரு பொது விதி உண்டு. ஓடி வருகிற தண்ணீர் குளத்தில் நின்றவுடன் சுமந்து வந்த வண்டலில் பெரும்பகுதி அடியில் படிந்துவிடும். வாய்க்காலில் நமக்கு வருவது அநேகமாகத் தெளிந்த தண்ணீர். நமக்கு மண் கொண்டு வந்து தந்த கை இப்போது கட்டப்பட்டிருக்கிறது. இருப்பதை வைத்துத்தான் சீவிக்க வேண்டும்.

பிறகு வரம்பில் குந்தியிருந்து கணக்குப் பார்த்தோம். மண் வியாபாரம் கியூப் கணக்கில் நடக்கிறது. ஒரு கியூப் என்றால் 100 கன அடி. பத்தடி நீளம் பத்தடி அகலத்தில் ஒரு சின்ன அறையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவு வயலில் ஓர் அடி ஆழம் எடுத்தால் ஒரு கியூப். ஓர் ஏக்கரில் 435 கியூப், எங்கள் இரண்டு ஏக்கரில் 870 கியூப். காசு ஒரு தடவைதான் வரும்.

போவது மண் மட்டுமல்ல. அந்த ஓர் அடிக்குள் மேலே உள்ள கருமையும் போகும், அதற்குக் கீழே தண்ணீரைத் தாங்கி நிற்கிற இறுகிய படையும் போகும். பிறகு கட்டிய தண்ணீர் நிற்காமல் இறங்கும். வயல் ஓர் அடி பதிந்துவிட்டால் மாரியில் வடியாது. பக்கத்து வயல்காரரின் தண்ணீர் வரம்பால் கசிந்து நமது பள்ளத்துக்குள் வரும், அவர் வரம்பும் இடியும். அவரிடம் நாம் என்ன சொல்வது? நமது காணி என்று விற்றாலும் பக்கத்து மனிசனின் ஹக்கில் கை வைத்ததாகத்தானே ஆகும்?

காக்கா கடைசியாகக் கேட்டது காசைப் பற்றி. "எல்லாம் சரி. வளவ எதால நிரப்புற? காசு எங்கால வாற?" இதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை. வீட்டில் இரண்டு இரவு பேசினோம். கடைசியில் வயல் மண்ணைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தோம். வளவுக்கு அனுமதிப்பத்திரம் உள்ள இடத்திலிருந்து கிரவல் வாங்குவது. கிரவலும் பூமியிலிருந்து வருவதுதான், ஆனால் அது சோறு போடுகிற மண் இல்லை. செலவு கூடியதால் வீட்டுத் திட்டத்தில் ஓர் அறையைக் குறைத்தோம். ஒரு சீட்டும் பிடித்திருக்கிறோம். கலியாணத்தை மூன்று மாதம் தள்ளிக் கேட்டோம், மாப்பிள்ளை வீட்டார் ஒத்துக்கொண்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். வீடு இன்னும் முடியவில்லை. காக்காவின் கடனும் அப்படியேதான் இருக்கிறது. இதை எழுதுவது நாங்கள் பெரிய தியாகம் செய்தோம் என்று காட்ட அல்ல. மண்ணை விற்கிற ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு நெருக்கடி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அதனால் யாரையும் குறை சொல்லவில்லை. கணக்கை முழுதாகப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்று மட்டும் கேட்கிறோம்.

விற்காதவர்களும் செய்கிற ஒன்று உண்டு. வைக்கோல் எரிப்பது. மாடு வளைத்துச் சூடடித்த காலத்தில் வைக்கோல் சூட்டுக்களத்தில் குவிந்தது, மாட்டுக்குப் போனது, சாணமாக வயலுக்குத் திரும்பியது. இப்போது அறுவடை இயந்திரம் வைக்கோலை வரிசை வரிசையாக வயலிலேயே விட்டுப்போகிறது. அடுத்த உழவுக்கு இடைஞ்சல் என்று நெருப்பு வைக்கிறோம். ஒரு தொன் வைக்கோலில் ஏறத்தாழ 5 முதல் 8 கிலோ நைதரசனும் 12 முதல் 17 கிலோ பொற்றாசியமும் இருக்கின்றன. நெல் உறிஞ்சிய பொற்றாசியத்தில் ஐந்தில் நாலு பங்கு வைக்கோலில்தான் கிடக்கிறது. எரித்தால் நைதரசன் அநேகமாக முழுவதும் புகையோடு போகும். பொற்றாசியம் சாம்பலில் மிஞ்சினாலும் காற்றும் முதல் மழையும் ஒரு பங்கைக் கொண்டுபோய்விடும். உக்கலாக வேண்டியது எல்லாம் வானத்துக்குப் போகும். பிறகு கடைக்குப் போய் அதே சத்தை உரப்பையில் காசு கொடுத்து வாங்குகிறோம்.

2021 ஐ நாம் மறந்திருக்க மாட்டோம். மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரே அடியாக நிறுத்தப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்படுவதற்குள் வெள்ளாமைக்காரர் பட்ட பாடு எல்லா வீட்டுக்கும் தெரியும். அரசியலை விடுவோம். அந்த வருஷம் மண் நமக்குச் சொன்னது ஒன்று: சேதனப் பசளை நல்லதுதான், ஆனால் பல வருஷம் எரித்துப் போக்கிய உக்கலை ஒரு போகத்தில் திருப்பிக் கொண்டுவர முடியாது. மண்ணின் வேகம் அவ்வளவுதான். அதை அவசரப்படுத்த எந்த வர்த்தமானியாலும் முடியாது.

ஆனால் ஒன்று நம் கையில் இருக்கிறது. கல் களியாகிற வேலையை நாம் வேகமாக்க முடியாது. உக்கல் சேர்கிற வேலையில் நாமும் ஓர் ஆள். ஐந்து காரணிகளில் உயிரினங்கள் என்று எழுதியிருப்பதில் நாமும் அடக்கம்.

நாங்கள் இந்த முறை செய்வது இதுதான். வைக்கோலை வயல் முழுக்கப் பரப்பி, விதைப்புக்கு மூன்று நாலு வாரத்துக்கு முதலே ஈரத்தோடு மடித்து உழுகிறோம். கடைசி நேரத்தில் பச்சையாக உழுதால் அது உக்குவதற்காக நுண்ணங்கிகள் நைதரசனை இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகும், கவனம். மிஞ்சிய வைக்கோலை ஒரு மூலையில் சாணத்தோடு அடுக்கிக் கூட்டெரு போட்டிருக்கிறோம். வெட்டிய குழியை உடனே மூடவில்லை. போன கிழமை தரம் 8 பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டினோம். ஒரு பிள்ளை கருமை எங்கே முடிகிறது என்று அடிமட்டத்தால் அளந்துவிட்டு, "இவ்வளவுதானா சேர்?" என்று கேட்டது. அவ்வளவுதான்.

ஆதம் அலைஹிஸ்ஸலாம் அவர்கள் களிமண்ணிலிருந்து படைக்கப்பட்டார்கள் என்று நம்புகிற சமூகம் நாம். தண்ணீர் கிடைக்காவிட்டால் சுத்தமான மண்ணில் தயம்மும் செய்து தொழுகிறோம். ஜனாஸாவை அடக்கிவிட்டு மூன்று பிடி மண் போடுகிறோம். நமது மார்க்கத்தில் மண்ணுக்கு இவ்வளவு மரியாதை இருக்க, அதைக் குப்பையும் அழுக்கும் போல நினைப்பதற்கு நமக்கு இடமில்லை. வயல் வாப்பாமார் நமக்கு விட்டுப்போன சொத்து என்கிறோம். அதைவிட, நமது பிள்ளைகளின் அமானிதம் நம் கையில் இருக்கிறது என்பதுதான் சரி.

ஊர்ச் சகோதரர்களிடம் மூன்று வேண்டுகோள். மண் விற்க நினைத்தால் அதற்கு முதல் நாள் வயலில் இடுப்பளவு குழி ஒன்று வெட்டி, வீட்டாரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அடுத்த போக ஆரம்பக் கூட்டத்தில் வைக்கோல் எரிப்பதையும் மண் எடுப்பதையும் ஒரு விசயமாக எடுத்துப் பேசுங்கள், பக்கத்து வயல்காரரின் சம்மதம் இல்லாமல் யாரும் தோண்டாதிருக்க அங்கேயே ஒரு முடிவுக்கு வாருங்கள். பொம்புளப் பிள்ளைக்கு வீடு கட்டுகிறவர்களுக்கு, கிரவலுக்கும் கல்லுக்கும் கைமாற்றுக் கொடுக்கக் கூடியவர்கள் கொடுங்கள். ஒருவர் காசுக்கு முட்டுப்படும்போதுதான் அவர் வயல் விலைக்கு வருகிறது.

அல்லாஹ் நமது வயல்களில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.